சாட்சி பார்த்தது

இல்லைங்க, நான் வழக்காடி இல்லே. சாட்சி. மயிலாப்பூர்க் குளத்தங்கரையில ஒரு டாக்ஸிக்காரன் மீன்காரம்மா மேல வண்டியை ஏத்திட்டான். அங்கே இருந்து பார்த்தவன் நான் ஒருத்தன்தான்னு போலீஸ்ல எழுதியிருக்காங்க. இன்னிக்கு நான் சொல்றதை வச்சுத்தான் அவனுக்கு ஜெயிலா, வீடான்னு முடிவாகும். பத்தரைக்குக் கோர்ட்டுக்கு வரச் சொன்னாங்க. மணி பன்னெண்டாகப் போகுது, கூப்பிட்ட பாடில்லே.

கோபமாத்தான் இருக்கேன். வராம என்ன செய்யும், சொல்லுங்க. தினமும் மயிலாப்பூர்லேர்ந்து பாண்டி பஜாருக்குக் கார் ஓட்டிக்கிட்டுப் போறவன் நான். அங்கே பாத்திரக்கடை. விடியக்காலம் குளிச்சு, திருநீறு இட்டுக்கிட்டு, பதிகம் ஒண்ணு முழுசா ஓதி முடிச்சுட்டுத்தான் சாவியைத் தொடுவேன். மனசு அப்படியே குளிர்ந்து கிடக்கும். லஸ் முனை திரும்பறதுக்குள்ளே, சிவசிவா, அதே வாயில என்னென்ன வார்த்தை வருதுங்கறீங்க. ஓதின வாய்தானா இதுன்னு எனக்கே அருவருப்பா இருக்கும்.

முந்தாநாள் நடந்ததைக் கேளுங்க. எனக்கு முன்னால ஒரு அம்பாசிடர். ஜன்னல்லேர்ந்து கை வெளியே வருது. சரி, மனுஷர் வலப்பக்கம் திரும்பறார்னு நான் பிரேக்கை அழுத்தறேன். பின்னால வந்த ஸ்கூட்டர்காரன் என் பம்பர்ல வந்து இடிக்கறான். அந்தப் பெரிய மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? சிகரெட் சாம்பலைத் தட்டிட்டு நேராப் போயிட்டார். ஸ்கூட்டர்காரன் இறங்கி வந்து என்னைக் கேக்கறான், இன்னா பெருசு, ரோட்டுல தூங்கிக்கினு போறியான்னு.

பஸ்ஸைப் பத்திச் சொல்லவே வேணாம். ஸ்டாப்புன்னு ஒரு கம்பத்தை எதுக்கு நட்டு வச்சிருக்காங்க? அதுக்கு இருபது கஜம் தள்ளித்தான் நிறுத்துவார். வாயும் வயிறுமா ஒரு பொண்ணு கூட்டத்தோட கூட்டமா ஓடி வர்றா, அவ படியில ஒரு கால் வைக்கறதுக்குள்ளே விசில் ஊதியாச்சு. டாக்ஸிக்காரங்க இன்னும் மேல. பெட்ரோல் விலை ஏறினாலும் ஏறிச்சு, அடையார் பாலத்து இறக்கத்துல எஞ்சினை அணைச்சுட்டு உருள விட்டுடறாங்க. சத்தமே இல்லாம முதுகுகிட்ட வந்து நிக்குது.

ஏன் சிரிக்கறீங்க? ஓ, நீங்களும் டிரைவர்தானா. ஜவுளிக்கடை வேனா? தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. பேரு? நல்லசிவம். அருமையான பேரு. இந்தப் பேரை வச்சுக்கிட்டு நீங்க ஆஸ்பத்திரி வாசல்ல ஆரன் அடிக்க மாட்டீங்க. அடிப்பீங்களா? சரி, ஒத்துக்கறீங்களே, அது போதும்.

அதோ, அந்த மரத்தடியில காக்கிச் சட்டையோட நிக்கறான் பாருங்க, அவன்தான் டாக்ஸிக்காரன். கங்காதரன்னு பேரு. பக்கத்துல இருக்கறது அவன் சம்சாரம். அடிபட்டது குப்பம்மா. காலையில கூடையைத் தூக்கிக்கிட்டு ஓரமா நடந்து போனவ. இடது கால் ரெண்டு இடத்துல ஒடிஞ்சு, நாலு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தா. இன்னும் ஊன்ற முடியலே. பின்னாலேர்ந்து இடிச்சதால அவளுக்கு ஒண்ணும் தெரியாது.

கங்காதரன் ஓடிப் போகலைங்க. அதையும் சொல்லணும். இறங்கி, அவன்தான் அவளைத் தூக்கிப் பின் சீட்டுல கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். நடுரோட்டுல மீன் சிதறிக் கிடந்தது. நான் அங்கேயே நின்னேன். ஏட்டு வந்தார். டாக்ஸி கண்மண் தெரியாம வந்துதுன்னேன். வேகம் எவ்வளவுன்னு கேட்டாரா? இல்லே. நீங்க எங்கே இருந்தீங்க, எந்தப் பக்கம் பார்த்துக்கிட்டிருந்தீங்கன்னு? அதுவும் இல்லே. என் நெத்தியைப் பார்த்தார், கழுத்துல ருத்திராட்சத்தைப் பார்த்தார், பெரியவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு எழுதி நீட்டிட்டார். எனக்கு இப்ப யார் மேல ஆத்திரம்னா, அந்த ஏட்டு மேலதான். ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் இல்லே?

பொய்யான்னு கேட்டா, அன்னிக்கு எனக்கு அப்படித்தான் பட்டுது. டாக்ஸின்னா அப்படித்தான் வரும்னு என் மனசுல முன்கூட்டியே எழுதியிருந்தது.

போன மாசம் கங்காதரன் வீட்டுக்கு வந்தான். சண்டைக்கு இல்லே. செருப்பை வாசல்ல கழட்டிட்டுக் கையைக் கட்டிக்கிட்டு நின்னான். லைசென்ஸ் கோர்ட்டுல கிடக்கு, டாக்ஸியைச் சொந்தக்காரர் வேற ஆளுக்குக் குடுத்துட்டாராம். அப்புறம் சொன்னான், நைனா, உங்க வண்டி என் நேருக்கு வந்துகினே இருந்திச்சு, நான் வண்டியை ஒடிக்கலேன்னா உங்களைத்தான் அடிச்சிருப்பேன், அவ்ளோதான்னு. நான் கதவைச் சாத்திட்டேன். உள்ளே போய்ப் பதிகம் ஓத உக்கார்ந்தேன். முதல் அடிக்கு மேல வரலே. இன்னிக்கு வரைக்கும் வரலே, இப்ப ஓதாமலேதான் சாவியைத் தொடறேன்.

சர்க்கார் வக்கீல் காலையில கூட வந்து, டாக்ஸி தப்பான பக்கம் வந்துதுன்னு மட்டும் சொல்லுங்க, வேற எதுவும் பேச வேணாம்னார். எதைச் சொல்றது, தம்பி? அந்த இடத்துல குளத்துக்கு மேலே வலப்பக்கமா கோபுரம் முழுசாத் தெரியும். தெரிஞ்சதும் ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுடுவேன். கண்ணு தானா மூடிக்கும். நாப்பது வருஷப் பழக்கம். அந்த வழியா நடந்து போன காலத்துல வந்தது. கார் வாங்கினப்புறமும் விடலே. அன்னிக்கும் அப்படித்தான். கண்ணைத் திறந்தப்போ என் கார் ரோட்டோட வலது பாதியில, டாக்ஸி வர்ற பக்கம் நிக்குது. டாக்ஸி குளத்துப் பக்கம் ஒதுங்கி அவ மேல ஏறியிருக்கு. என் கார் ஸ்டியரிங்கை யாருமே பிடிச்சிருக்கலே.

ஏன் எழுந்துட்டீங்க? உங்களுக்குக் கோபம் வருது. வரணும். ஆனா போயிடாதீங்க, ஒரு நிமிஷம். டவாலி கூப்பிடறார், கணேசமூர்த்தின்னா நான்தான். இதோ வரேம்ப்பா. உங்களுக்குக் கோர்ட்டுப் பழக்கம் இருக்கும்னுதான் கேக்கறேன். இதை உள்ளே போய்ச் சொன்னேன்னா, என்னை அந்தச் சாட்சிக் கூண்டுலயே நிக்க விடுவாங்களா, இல்லே அப்பவே எதிர்ப்பக்கக் கூண்டுக்கு மாறச் சொல்வாங்களா?