மூன்றாவது கார்டு

— மூணாவதையும் இப்பவே போட்டுடணும் அண்ணி. ஆறப்போட்டா காரியம் கெட்டுது.

— ஒரு வாய் காபி குடிச்சுக்கிறேன், லியோ. விடிஞ்சதுலேர்ந்து என் பொறந்த தேதிய ரெண்டு தடவை எழுதியாச்சு. கல்யாணத்துக்கே ஒரு தடவைதான் எழுதினேன்.

— கேளுங்க. மூணு பேங்குக்கும் ஒரே காலையில கம்ப்யூட்டர்ல மனு போடணும். ஒருத்தன்கிட்ட கேட்டது இன்னொருத்தனுக்குத் தெரியறதுக்குள்ள மூணு கார்டும் நம்ம கைக்கு வந்துடணும். பழைய கடன அப்படியே தூக்கி, வட்டி இல்லாத இந்தப் புதுக் கார்டுங்க மேல வச்சிடுவோம். நான் பதினோரு வருஷமா இப்படித்தான் ஓட்டறேன். வட்டின்னு ஒரு சென்ட் கட்டினதில்ல.

— அசல் கட்டினியா?

— கேளுங்க, அது வேற விஷயம்.

— இப்ப எத்தனை கார்டு வச்சிருக்க?

— ஒம்பது. பிஸ்கட் டப்பாவுல ரப்பர் பேண்டு போட்டு வச்சிருக்கேன். எந்தக் கார்டுக்கு எந்தத் தேதியோட சலுகை முடியுதுன்னு சீட்டு எழுதி ஒட்டியிருக்கேன். உங்க கொழுந்தன் சோம்பேறின்னு ஊர்ல ஒருத்தன் சொல்ல முடியாது.

— ஊர்ல சொல்ல மாட்டாங்க. உன் பொண்டாட்டி சொல்லுவா.

— அண்ணன் ஸ்டான் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இதெல்லாம் அப்பவே முடிச்சுக் குடுத்திருப்பேன். மூணு கார்டு, இருபத்தி மூணாயிரம் டாலர், நூத்துக்கு இருபத்தேழு வட்டி. தம்பிகிட்ட கேட்டா கௌரவம் கொறஞ்சிடுமா?

— பொண்டாட்டிகிட்டயே சொல்லாத மனுஷன் தம்பிகிட்டயா சொல்லப் போறாரு? அடக்கம் முடிஞ்சு மறுவாரம், சர்ச் பொம்பளைங்க துக்க வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்த பாத்திரத்தையெல்லாம் கழுவி, அடியில ஒட்டியிருக்கிற பேரப் பாத்து அடுக்கிட்டு இருந்தேன். தபால் வந்துது. மூணு கார்டு பில்லு. கை ஈரத்தோடயே பிரிச்சேன்.

— அப்படி எதுக்குத்தான் செலவு பண்ணினான்?

— நான் என்னென்னமோ நெனச்சுட்டேன் லியோ. வேற யாராவது பொம்பளையா இருக்குமோன்னுகூட நெனச்சேன். ராத்திரி பூரா அவர்கூட மனசுக்குள்ள சண்டை. அப்புறம் பழைய பில்லையெல்லாம் எடுத்து உக்காந்து ஒரு வரி விடாம படிச்சேன். மளிகை. வீட்டுக் கணப்புக்கு எரிவாயு. எங்க பொண்ணு மார்னியோட புள்ளைக்குப் பல்லுக் கம்பி. ஆலையில ஷிஃப்ட் கொறச்சாங்களே, அந்த ரெண்டு வருஷமும் ஓவர்டைம்னு சொல்லிட்டுக் கெளம்புவாரு. ஏரிக்கரையில வண்டிய நிறுத்திட்டு சும்மா உக்காந்திருந்திருக்காரு. அங்க இருக்கிற காபிக் கடைக் கணக்கு, வேலை நாள் ஒண்ணு விடாம. ஒரு டாலர் எம்பது சென்ட்.

— மடப்பய.

— நான் சொல்லலாம். நீ சொல்லக்கூடாது.

— சரி, சொல்லல.

— அந்தக் கடன்ல நானும் சாப்பிட்டிருக்கேன். கட்டியே ஆகணும். வசூல் ஆபீஸ்லேர்ந்து ஒருத்தி கூப்பிட்டா. ‘உங்க கணவர் இருந்திருந்தா நேர்மையா அடைச்சிருப்பாரு, அவர் பேரு கெடக்கூடாது பாருங்க’ன்னா. குரல் தேனா வழியுது. அவ சொன்னதுலேர்ந்து எனக்குத் தூக்கமில்ல. இது சரிப்படலன்னா இந்த வீட்ட வித்துட்டு மார்னி வீட்டு மாடியறைக்குப் போறதுதான்.

— வீட்டுப் பேச்சே எடுக்காதீங்க. கேளுங்க, பதினெட்டு மாசத்துக்கு வட்டியே கிடையாது. மாத்தறதுக்குக் கூலி நூத்துக்கு மூணு. மாசம் ஆயிரத்து முந்நூறு கட்டினா முடிஞ்சுபோச்சு.

— பள்ளிக்கூடச் சமையல்ல எனக்கு என்ன தராங்கன்னு தெரியுமா உனக்கு? ஆயிரத்து எண்ணூறு.

— அப்ப முடிஞ்சத கட்டுங்க. பதினெட்டு மாசம் ஆனதும் வேற மூணு கார்டு போடுவோம்.

— அதுக்கப்புறம்?

— அதுக்கப்புறம் வேற மூணு.

— நான் எப்பதான் சாகறது?

— சலுகை முடியறதுக்குள்ள வேண்டாம்.

— சிரிக்க வைக்காத. காபி சிந்துது.

— முதல் பேங்கு ஒம்பதாயிரம் குடுத்துட்டான். ரெண்டாவது பேங்கு கடுதாசி போடறேன்னுட்டான், அப்படின்னா இல்லன்னு அர்த்தம். இந்த மூணாவதுதான் இனி எல்லாம். ஒண்ணு... ரெண்டு... மூணு... அந்தப் பட்டன அழுத்துங்க.

— அழுத்திட்டேன். சுத்திக்கிட்டே இருக்கு. என்னமோ வந்துது. ‘இந்த எண்ணுக்குக் கூப்பிடவும்’னு போட்டிருக்கு.

— நல்ல சகுனம். இல்லன்னா கூப்பிடச் சொல்ல மாட்டான். ஸ்பீக்கர்ல போடுங்க. சம்பளத்தக் கேட்டா தடுமாறாம சொல்லுங்க.

— வணக்கம், பேங்குலேர்ந்து பேசறேன், என் பேரு அமாரி. இந்த அழைப்பு பதிவு செய்யப்படுது. நீங்க திருமதி ரெஜினா நோவிக்கிதானே?

— ஆமா தம்பி.

— சில விவரம் சரிபார்க்கணும், மேடம். வேலை?

— பள்ளிக்கூடச் சமையலறை. பத்தொம்பது வருஷம். மாசம் ஆயிரத்து எண்ணூறு கைக்கு வருது.

— கடன் ஒண்ணும் இல்லையே உங்களுக்கு. ஒரு தவணைகூட தவறினதில்ல. மேடம், பதினஞ்சாயிரம் டாலர் வரைக்கும் அனுமதி கிடைச்சிருக்கு. வாழ்த்துகள்.

— அண்ணி, ஒம்பதும் பதினஞ்சும் இருபத்தி நாலு. கூலி போகக்கூட முந்நூறு மிச்சம். வீடு தப்பிச்சுது.

— மெதுவா பேசு, லியோ. தம்பி, அது என் கொழுந்தன். சந்தோஷத்துல கத்தறாரு.

— பரவாயில்ல மேடம். எந்தக் கார்டுலேர்ந்து பாக்கிய மாத்தணும்? அந்தக் கார்டுல இருக்கிற பேரு?

— ஸ்டான்லி நோவிக்கி.

— உங்க கணவரா? அவர் ஒரு நிமிஷம் லைன்ல வர முடியுமா?

— முடியாது தம்பி. மார்ச்சுல போயிட்டாரு.

— ரொம்ப வருத்தமா இருக்கு, மேடம். ஒண்ணு கேக்கறேன். அந்தக் கார்டு வாங்கும்போது நீங்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டீங்களா?

— அப்படி ஒரு கார்டு இருக்கிறதே எனக்குத் தெரியாது.

— வேற கார்டு?

— மொத்தம் மூணு. மூணும் அப்படித்தான்.

— தம்பி, நான் லியோ பேசறேன். உங்க பேங்கு அடுத்தவங்க கடனையும் ஏத்துக்கும், எனக்குத் தெரியும். அடுத்த கேள்விய படிங்க, அண்ணி சரின்னு சொல்வாங்க.

— ஏத்துக்கும், சார். மாத்திக் குடுத்தா எனக்கும் அதுல கமிஷன் உண்டு. அதனாலதான் யோசிக்கிறேன்.

— ஏன் தம்பி நிறுத்திட்ட? நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?

— இல்ல மேடம். அவர் பேர்ல மட்டும் தனியா என்ன சொத்து இருக்கு?

— சொத்தா? ஒரு மீன்பிடிப் படகு இருக்கு. கொல்லையில கவுத்துப் போட்டிருக்கோம்.

— வீடு?

— ரெண்டு பேர் பேர்லயும்.

— அப்ப அது இப்ப உங்களோடது. நான் வக்கீல் இல்ல, திங்கக்கிழமை ஒரு வக்கீலப் பாத்து உறுதி பண்ணிக்கங்க. ஆனா எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் அந்த வங்கிங்க கேக்கக்கூடியது அவர் விட்டுட்டுப் போனத மட்டும்தான். அந்தப் படகு. அதுக்கு மேல உங்ககிட்ட வாங்க வழியில்ல.

— அப்ப அந்த வசூல்காரி?

— அவங்க கேட்டுப் பாக்கறாங்க மேடம். குடுத்தா வாங்கிப்பாங்க.

— பதினோரு வருஷம்... கார்டு கார்டா மாத்தியிருக்கேன். கடன் யாரோடதுன்னு நான் ஒரு நாளும் யோசிச்சதில்ல அண்ணி.

— நீ சும்மா இரு, லியோ. தம்பி, இன்னொரு தடவை சொல்லு. மெதுவா.

— இன்னிக்கு வரைக்கும் இந்த இருபத்தி மூணாயிரம் உங்க கடன் இல்ல, மேடம். நான் மாத்தினா, அந்த நிமிஷத்துலேர்ந்து உங்களோடது. இப்ப என் தாள்ல இருக்கிற கேள்விய நான் படிச்சாகணும். மாத்திடட்டுமா?



— வேண்டாம் தம்பி. லியோ, கண்ணத் தொடச்சுக்கிட்டு எழுந்திரு. அந்தப் படக நிமித்திக் கழுவி, நல்லதா ஒரு பெயிண்ட் வாங்கி அடி. உங்க அண்ணன் பேர்ல கடன்காரனுக்குப் போறது பாக்க லட்சணமா போகட்டும்.