நூறாவது வரியில் பத்து லட்சம்

இருந்தவர்கள்: ரோபெர், அரசு அலுவலகத்தின் கணக்கு இயந்திர அறைத் தலைவர். தெய்வானை, அட்டைகளில் துளை போடும் எழுத்தர், நகரின் ஓரத்து ரோஷ் புவாவிலிருந்து வருபவள். ஜினெட், அதே வேலை, அடுத்த நாற்காலி. போர்ட் லூயி, மொரீஷியஸ், 1966.

ஜினெட்: ...அட்டவணையில நூறாவது வரியை இன்னொரு தடவை படி.

தெய்வானை: பத்து லட்சம்.

ஜினெட்: சரியா பத்து லட்சம். கேட்டீங்களா மிசியே ரோபெர்?

ரோபெர்: கேட்டேன். ஆனா இந்த இயந்திரத்துக்குக் கூட்டத்தான் தெரியும். பெருக்கத் தெரியாது.

தெய்வானை: பெருக்கலையே. கூட்டத்தான் செய்யுது.

ரோபெர்: துறைமுகத்துக் கரும்புப் பாகுத் தொட்டியோட அடி கூம்பு. ஆழத்தை அதே ஆழத்தால ரெண்டு தடவை பெருக்கினாத்தான் எந்த ஆழத்துக்கு எவ்வளவு பாகுன்னு அட்டவணை வரும்.

தெய்வானை: ஜினெட், ஒண்ணு, எட்டு, இருபத்தேழு, அறுபத்துநாலு. பக்கத்துப் பக்கத்து எண்ணைக் கழி.

ஜினெட்: ஏழு, பத்தொம்பது, முப்பத்தேழு.

தெய்வானை: அதையும் கழி.

ஜினெட்: பன்னெண்டு, பதினெட்டு. அதையும் கழிச்சா... ஆறு.

தெய்வானை: எவ்வளவு தூரம் போனாலும் ஆறுதான். அந்த ஆறை முதல்ல குடுத்துட்டா, இயந்திரம் திருப்பிக் கூட்டிக்கிட்டே மேல ஏறி வரும். இயந்திரத்தோட இணைப்புப் பலகையில கம்பியை அப்படிச் சொருகணும், அவ்வளவுதான்.

ரோபெர்: கம்பி சொருகறது பொம்பளைங்க வேலை இல்ல.

ஜினெட்: காலையில டைரக்டர் முன்னாடி நீங்க சொருகினீங்களே, என்ன வந்துச்சு? பக்கம் பூரா ஆறு. ஆறு, ஆறு, ஆறு. அட்டவணையை எடுத்துக் காட்டறவங்க கையில இயந்திரத்தைக் குடுப்பேன்னு சொல்லிட்டார் மனுஷன். உங்களைக் கோப்பு அறைக்கு மாத்தியும் இன்னும் உக்காந்திருக்கீங்க.

ரோபெர்: போறேன். ஒண்ணு மட்டும் புரியல. ஒவ்வொரு கம்பியையும் பார்த்துப் பார்த்துத்தான்...

தெய்வானை: எதைப் பார்த்து?

ரோபெர்: ...என் யோசனையைத்தான்.

தெய்வானை: சரி. நாலு வருஷமா தினமும் இந்தப் பலகையைத் துடைக்கறேன். எந்தப் பக்கம்?

ரோபெர்: பின்பக்க ஊசிகளை. முன்பக்கம் தொடக்கூடாதுன்னு நான்தானே சொன்னேன்.

தெய்வானை: நான் பார்த்தது பின்பக்கம் மட்டும்தான். வரைஞ்சதும் பின்னாலிருந்து. முன்னால நின்னு அதைப் பார்த்துச் சொருகினா இடது வலதாயிடும்; கூட்டின எண்ணுக்குப் பதிலா அந்த ஆறே அச்சாகும்.

ரோபெர்: ...அதைத் தாள்ல ஒரு வரி எழுதியிருக்கலாமே.

ஜினெட்: எந்தத் தாள்ல, மிசியே?

ரோபெர்: ...என் மேசை மேல கிடந்துது. நான் ஒண்ணும் இவ பையைத் துழாவல.

ஜினெட்: எடுத்தீங்க. உங்க பேர்ல காட்டினீங்க.

ரோபெர்: பெரிய வேலைன்னா பெரியவங்கதான் காட்டணும். இதுவரைக்கும் அப்படித்தான்.

தெய்வானை: நேத்து வரைக்கும்.

ரோபெர்: தெய்வானை... அந்தத் தாளை மறந்துதானே விட்டுட்டுப் போனே?

தெய்வானை: மறந்துட்டேன் மிசியே. கோப்பு அறையில உங்களைத் தேடுவாங்க. தொப்பியை எடுத்துக்கங்க.

ரோபெர்: ...வரேன்.

தெய்வானை: ஜினெட், கதவைச் சாத்து.

ஜினெட்: சாத்திப் பூட்டியாச்சு. இப்ப என்கிட்ட சொல்லு. நிஜமாவே மறந்தியா?

தெய்வானை: மூணு நாளா அவர் மேசையில வெச்சேன். மூணாவது நாள்தான் எடுத்தார்.