கோடிப்பக்கத்துக் குடில்

“இவ்வளவு தூரம் பறந்துபோய்க் கோடிக்குள்ளையோ படுக்கப் போறாய்?”

நோர்வேயில், லில்லெஸ்ட்ரோம் போகும் ரயிலில், எனக்கு முன்னால் இருந்த அம்மா தன் தம்பி பெண்சாதியிடம் இப்படிக் கேட்டார். கோடி என்றால் யாழ்ப்பாணத்தில் வீட்டின் பின்பக்கம். தம்பி பெண்சாதியின் மகனுக்கு அமெரிக்காவின் தெற்கே கல்யாணமாம். அங்கே பழைய பருத்தித்தோட்டத்து மாளிகை ஒன்று இப்போது ஆடம்பர விடுதி. மாப்பிள்ளையின் தாய்க்கு அதன் பின்பக்கத்துக் குடிலை ஒதுக்கியிருக்கிறார்கள்.

“படத்தைப் பாருங்கோவன் மச்சாள். குடில் எண்டாலும் உள்ளுக்குச் சுடுதண்ணித் தொட்டி இருக்கு. காலமைச் சாப்பாடு கட்டிலுக்கே வருமாம்.”

“முந்தி ஆர் அதுக்குள்ளை இருந்தவை?”

“அடிமையளாம். கீழை சின்ன எழுத்திலை போட்டிருக்கு.”

“சங்கிலி கிடந்த இடத்திலை மெழுகுதிரி கொளுத்தி வைச்சிருக்கிறாங்கள். உனக்கு நல்லாய் நித்திரை வரும்.”

“விசர்க்கதை கதையாதேங்கோ. அது அந்தக் காலம்.”

“எந்தக் காலம்? என்ரை அம்மா, உன்ரை மாமி, கூலிக்குப் போன வீட்டிலை கோடியாலை வா எண்டுதான் கூப்பிட்டவை. தேத்தண்ணியும் சிரட்டையிலைதான். இப்ப நீ அமெரிக்கன் கோடிக்குப் பெட்டி அடுக்கிறாய்.”

தம்பி பெண்சாதி படத்தை மூடிவிட்டு மகனுக்குப் போன் எடுத்தார். எனக்கும் மனம் இளகிவிட்டது.

“தம்பி, நான் மாப்பிள்ளையின்ரை தாய். நான் கோடிக்குள்ளை படுக்கமாட்டன். எனக்குப் பெரிய வீட்டிலை அறை எடு. அந்தக் குடிலைப் பொம்பிளை வீட்டாருக்குக் குடு.”