மேல்வீட்டுச் சாட்சி

– செருப்பைக் கழட்டாத, தரை சில்லுனு இருக்கு. என்ன லின்யா, உங்க வீட்டுக் கதவு மறந்துபோச்சா? ஒரு மாடி கூடுதலா ஏறிட்ட.

– இல்ல அத்தை... உங்களைத்தான் பாக்க வந்தேன்.

– என்னையா? பொறந்ததுலேருந்து எனக்குக் கீழ்வீட்டுல இருக்க. இந்தப் படி இன்னைக்குத்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுதாக்கும். கையில என்ன?

– ஆரஞ்சு. சும்மா... வெறுங்கையோட எப்படி வர்றதுன்னு...

– உங்கப்பனுக்குத் தெரியுமா?

– லைப்ரரிக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்.

– அட, சட்டம் படிக்கிற பொண்ணு பொய்யெல்லாம் சொல்லுது. உட்காரு. சூரியகாந்தி விதை கொறிக்கிறியா? உங்க வீட்டுப் புகை படாத விதைதான்.

– அத்தை...

– சரி சரி. கடைத்தெருவுல பேசிக்கிறாங்க. எழுத்துப் பரீட்சை தேறிட்டியாம், நேர்காணலும் முடிஞ்சுதாம். அரசாங்க வக்கீலாகப் போறியாம்.

– இன்னும் ஆகல. கடைசியா ஒரு விசாரிப்பு இருக்கு. பொண்ணு எப்படி, குடும்பம் எப்படின்னு அக்கம்பக்கத்துல கேப்பாங்க. அவங்களுக்குத் திருப்தியானாத்தான் வேலை.

– பொண்ணு பாக்க வர்ற மாதிரி.

– அதைவிட மோசம்.

– அப்போ என்கிட்டயும் கேப்பாங்க. வசமா மாட்டினான் உங்கப்பன். வருஷா வருஷம் புத்தாண்டுக்கு முன்னாடி, பால்கனியில பன்னிக்கறியைத் தொங்கவிட்டு, சைப்ரஸ் தழையைக் கொளுத்திப் புகை போடறான். அவ்வளவும் நான் காயப்போட்ட மெத்தையில வந்து படியுது. ராத்திரி படுத்தா நானே தொங்கற கறி மாதிரி மணக்கறேன். இதெல்லாம் சொல்லலாமா?

– சொல்லுங்க.

– சிரிக்காத.

– சிரிக்கல. நீங்க தரை துடைச்ச தண்ணியைக் கறிமேல ஊத்தினதையும் சேர்த்துச் சொல்லணும்.

– வாளி வழுக்கிடுச்சு.

– மூணு தடவையுமா?

– பழைய வாளி. அது கிடக்கட்டும். நீதான் படிச்சவ, சொல்லு... சாட்சி வீட்டுக்குப் பழத்தோட போனா அதுக்குச் சட்டத்துல என்ன பேரு?

– ...ஆரஞ்சு.

– நல்லா வருவ நீ.

– தப்புதான் அத்தை. யார் வீட்டுக்கும் வெறுங்கையோட போய்ப் பழக்கமில்ல. திருப்பி எடுத்துக்கிட்டுப் போறேன்.

– வை, வை. ஒண்ணு உரிச்சாச்சு. பயப்படாத, அவங்க வரட்டும். நல்லதா நாலு வார்த்தை சொல்றேன்.

– வந்துட்டுப் போயிட்டாங்களே.

– ...யாரு சொன்னா?

– நேத்து ரெண்டு பேர் வந்தாங்க. நீங்க இஞ்சி டீ போட்டுக் குடுத்தீங்க.

– டீ குடுக்கறதும் தப்பா?

– கீழ்வீட்டோட ஒரு சண்டையும் இல்ல, தங்கமான மனுஷங்கன்னு சொல்லியிருக்கீங்க.

– அதுக்கு நீ துள்ளிக்கிட்டு வந்திருக்கணும். மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?

– குடியிருப்புக் குழு ஜியாவ் மாமா நடந்ததைச் சொல்லிட்டார். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அவர் வந்து சமாதானம் பேசினது, வாளி, எல்லாம். அப்பாவும் ஆமான்னுட்டார். இன்னைக்குக் காலையில என்னைக் கூப்பிட்டுக் கேட்டாங்க... மேல்வீட்டம்மாவுக்கு என்ன குடுத்தீங்கன்னு.

– ஒண்ணும் குடுக்கலையே.

– நம்பல அத்தை. பக்கத்து வீட்டோட சண்டை போட்டா, அது எல்லா வீட்டுலயும் உள்ளதுன்னு விட்டுடுவாங்க. சாட்சியை விலைக்கு வாங்கின பொண்ணுன்னு நினைச்சா வேலை கிடையாது.

– ...ஆரஞ்சைப் பைக்குள்ள போடு. இந்தா, தோலையும் போடு.

– வேண்டாம், இருக்கட்டும். நாளைக்குத் திரும்ப வருவாங்க. நல்லதா சொல்லுங்கன்னு கேக்க நான் வரல. நடந்ததை நடந்தபடி சொல்லிடுங்க. நான் இன்னைக்கு வந்ததையும் சொல்லுங்க.

– ஆரஞ்சையுமா?

– ஆரஞ்சையும்.

– வேலை போயிடும்டி.

– போனா போகட்டும். இதை மறைச்சுட்டு அந்த நாற்காலியில உட்கார்ந்து, நான் யாரைப் போய்க் குற்றம் கேக்கறது?

– ...படிப்பு உன்னைக் கெடுத்து வெச்சிருக்கு. சரி, சொல்றேன். அப்போ உங்கப்பனைத் திட்டலாமா?

– ஆசை தீரத் திட்டுங்க.

– இருபது வருஷமா இதுக்குத்தான் காத்திருந்தேன். கிடைச்சப்போ வாய் வரமாட்டேங்குது பாரு.

– நேத்து ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க? எனக்காகவா?

– உனக்காகன்னே வெச்சுக்கோ.

– அத்தை... நடந்ததை நடந்தபடி.

– வக்கீல் ஆகறதுக்கு முன்னாடியே குறுக்கு விசாரணை. கேட்டுக்கோ. கண்ணாடி போட்ட அந்தப் பையன், கீழ்வீட்டோட உங்களுக்கு விரோதமான்னு கேட்டான். என் வீட்டுக்காரர் போனப்புறம் இந்தக் கட்டடத்துக்கே நான் நாலாம் மாடிக் கிழவி. உங்கப்பன் ஒருத்தன்தான் பால்கனியில நின்னு, சியூ குயிஃபாங், சியூ குயிஃபாங்னு என் பேரைச் சொல்லிக் கத்துறான். அதுக்குப் போய் எப்படிடி விரோதம்னு சொல்றது?