தறப்பாளுக்குக் கீழே

எழுத்துப் பிழையுள்ள எதையும் நான் என் முகநூல் பக்கத்தில் போடுவதில்லை. ஆயுள் முழுக்க நூலகத்தில் வேலை செய்தவனுக்கு அது பழகிப்போன ஒழுக்கம். பாக்கியரத்தினம் ஐயா, நீங்கள் என்னைக் கைது செய்ய வரும் முன் அந்தப் பக்கத்தைத் தொடக்கத்திலிருந்து வாசித்ததாகச் சொன்னீர்கள். அப்படியானால் நான் ஒருவரையும் தூசித்ததில்லை என்பதைக் கண்டிருப்பீர்கள். நான் கேள்விகள்தான் கேட்பேன். நடந்ததை என் சொல்லிலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

என் மகன் அர்ஷாக் முந்திய தேர்தலின்போது இறந்தான். கிண்ணியாவில் அப்போதும் இரண்டு பேர்தான் போட்டி. ஒருவருக்கு ஊதாக் கொடி, மற்றவருக்கு மஞ்சள். நாங்கள் ஊதா. ஊதாக்காரரின் வாப்பாவுக்கே என் வாப்பா வாக்குப் போட்டவர். ஊர்வலம் முடிந்து திரும்பிய வேன் ஒன்று பாலத்தடியில் அர்ஷாக்கை அடித்துவிட்டு நிற்காமல் போனது. அவனுடைய ஒரு செருப்பை மறுநாள் நான்தான் தண்ணீரோரத்தில் கண்டெடுத்தேன்.

வேனைக் கண்டதாக யாரும் முன்வரவில்லை. எனக்கு யாரும் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மஞ்சள்காரரின் ஊர்வலங்களுக்கு வேன் பிடித்துக் கொடுத்தவர் படகுக்காரர் ஜவாஹிர். அவர் அர்ஷாக்கின் ஜனாஸா அடக்கத்துக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணனைக் கூப்பிடுவதுபோல், "நானா, அல்லாஹ்வுக்குத் தெரியும், எங்கட வேன் ஒண்டும் அந்தப் பக்கம் வரல்ல" என்றார். நான் அவரிடம் எதையும் கேட்டிருக்கவில்லை. குற்றமில்லாதவன் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதில்லை.

"அந்த மனிசன் அழுதுட்டுப் போறார். அவர விடுங்க" என்றாள் என் மனைவி சித்தி பரீதா. அவள் மனிதர்களைக் கண்ணீரை வைத்து எடைபோடுகிறவள்.

அதன் பிறகுதான் பக்கத்தைத் தொடங்கினேன். மனிதர்கள் எப்படி நம்புகிறார்கள் என்பதை அங்கேதான் படித்தேன். ஒருமுறை உடைந்த மதகு ஒன்றின் படத்தைப் போட்டு, மஞ்சள்காரர் கட்டியது என்று எழுதினேன். ஐஸ் கம்பனியில் வேலை செய்யும் இன்பாஸ், "கள்ளனுகள், கைய வெட்டணும்" என்று எழுதினான். மாரி முடிந்ததும் அதே படத்தை மறுபடி போட்டு, நம்மவர் கட்டியது என்று எழுதினேன். "மழைக்கு உடைஞ்சா அவர் என்ன செய்ற?" என்றான் அதே இன்பாஸ். எனக்குக் கோபம் வரவில்லை, இரக்கம்தான் வந்தது. அவன் மதகைப் பார்க்கவே இல்லை. கொடியைத்தான் பார்த்தான். எல்லோரும் அப்படித்தான். அந்த நோய் எனக்கில்லாததால்தான் அவர்களை என்னால் படிக்க முடிந்தது.

நான் பள்ளிவாசல் நிர்வாகத்திலும் இருக்கிறேன். எங்கள் பள்ளியின் சந்தூக்கு, அதாவது ஜனாஸாவை வைத்துச் சுமக்கும் பெட்டி, குடாவுக்கு அந்தப் பக்கம் மூதூரில் ஒரு தச்சரிடம் திருத்தக் கொடுக்கப்பட்டிருந்தது. அதன் பின்பக்கத்து இடது பிடி வெடித்துப் போயிருந்தது. அர்ஷாக்கைத் தூக்கிச் சென்றபோது என் தோளைக் கிழித்தது அந்தப் பிடிதான். இந்த முறை வாக்களிப்புக்கு முதல் நாள், வேலை முடிந்துவிட்டதென்று தச்சர் அறிவித்தார். நான் வீட்டிலிருந்தே ஜவாஹிருக்குத் தொலைபேசி எடுத்தேன்; சித்தி பரீதா குசினியில் சமைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு லொறி ஒண்டும் ஓடாது, ஜவாஹிர். சந்தூக்க உங்கட போட்டுல எடுத்துட்டு வர ஏலுமா?"

"இதென்ன கேள்வி, நானா. வோட்டப் போட்டுட்டு அப்பிடியே மூதூருக்குப் போறன்."

"மூடிக்கொண்டு வாங்க."

"அது எனக்குத் தெரியாதா?"

வெறும் சந்தூக்கை எங்கள் பகுதியில் நாலு பேர் பார்க்கக் கொண்டுவருவதில்லை. அடுத்த மௌத்தை, இன்னொரு சாவை, கூப்பிடுவது போலிருக்கும் என்பார்கள். பள்ளிக்குள் போன பிறகுதான் மேலே மூடிய தறப்பாளை எடுப்பார்கள்.

வாக்களிப்பு முடிந்து கொஞ்ச நேரத்தில் படகு வந்தது. பாலத்தில் நின்று படம் எடுத்து இப்படி எழுதினேன்: "வாக்களிப்பு முடிந்த கையோடு மூதூர்ப் பக்கமிருந்து மஞ்சள்காரரின் படகு. தறப்பாளுக்குக் கீழே நீளமான பெட்டி. என்ன பெட்டி?" இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வேண்டுமானால் மறுபடி வாசித்துப் பாருங்கள்.

நான் துறைக்கு நடந்து போய்ச் சேருமுன்னரே ஆட்கள் கூடிவிட்டார்கள். நான் ஐஸ் கம்பனி மதிலோரம் நின்றேன்.

"என்ன நானா, இண்டைக்கு வலையில வோட்டுப் பெட்டியா பட்டிச்சு?" என்றான் இன்பாஸ், ஜவாஹிரைப் பார்த்து.

"சந்தூக்குடா. பள்ளிச் சந்தூக்கு" என்றார் ஜவாஹிர்.

"அப்ப உள்ளுக்குக் கிடக்கிற மையித்து ஆர்? எங்கட எம்பியா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் தறப்பாளை இழுத்தான். ஜவாஹிர் அவன் கையைத் தட்டிவிட்டார். "பள்ளிக்கு வந்து பாருங்க. இத நடு றோட்டுல திறக்க ஏலாது." அதோடு சிரிப்பு நின்றது. மஞ்சள்காரர் ஒருவர் மூடிவைத்திருக்கிறார், திறக்கவும் மறுக்கிறார். அவர்களுக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

அப்போது அவர் என்னைக் கண்டார். அவர் முகம் தெளிந்தது. "இந்தா, நானா நிக்கிறார். நீங்க சொல்லுங்களன் இவனுகளுக்கு, இது என்ன எண்டு."

அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"எனக்கென்னண்டு தெரியும், ஜவாஹிர்?" என்றேன். அதுவும் ஒரு கேள்விதான்.

முதல் அடி அவருடைய துடுப்பாலேயே விழுந்தது, காதுக்கு மேலே. அவர் படகின் விளிம்பில் மடிந்து பாதி தண்ணீருக்குள் கிடந்தார். துடுப்பு உடையும்வரை அடித்தார்கள். பிறகு நங்கூர இரும்பை எடுத்தார்கள். மூக்கு இருந்த இடம் தெரியாமல் போனது. "நானா" என்று இன்னொரு தடவை சொன்னார் என்று நினைக்கிறேன். வாய் நிறைய இரத்தம் இருந்ததால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. கால்கள் சற்று நேரம் தண்ணீரை உதைத்துவிட்டு நின்றன. நான் கடைசிவரை அங்கேயே இருந்தேன். என் மகன் சாகும்போது பக்கத்தில் ஒருவரும் நிற்கவில்லை.

பிறகு தறப்பாளை இழுத்தார்கள். சந்தூக்குதான். புது வார்னிஷ் மணந்தது. உள்ளே ஒன்றுமில்லை. கையில் இரத்தத்தோடு நின்ற இன்பாஸ்தான் வாயைத் திறந்தான்: "வோட்டுப் பெட்டிய வழியில கடலுக்குள்ள தள்ளிட்டான்." உடனே எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஓம், ஓம் என்றார்கள்.

அந்தச் சந்தூக்கில்தான் ஜவாஹிர் போனார். பின்பக்கத்து இடது பிடிக்கு நான் தோள் கொடுத்தேன். தச்சர் கெட்டிக்காரர், இந்தத் தடவை குத்தவில்லை. வீட்டுக்கு வந்தபோது சித்தி பரீதா குசினி வாசலில் நின்றாள். "மூடிக்கொண்டு வரச் சொன்னது நீங்கதானே?" என்று மட்டும் கேட்டாள். இப்போது அவள் தன் தங்கை வீட்டில் இருக்கிறாள். உங்களிடம் வந்து சொன்னதும் அவள்தான் என்று தெரியும். எனக்கு வருத்தமில்லை.

ஆகவே ஒளிக்க ஒன்றுமில்லை. துடுப்பைப் பிடித்தவர்கள் பொடியன்கள். அவர்களை வரவழைத்தவனும், ஜவாஹிரை அவர்கள் நடுவே கொண்டுவந்து இறக்கியவனும் நான். ஜவாஹிரைக் கொன்றது நான்தான். கையொப்பமிடுகிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. நேற்று நீங்கள் பாலத்தடிக் கடையொன்றின் கமராப் பதிவைக் காட்டினீர்கள். கடைக்காரர் பயத்தில் இத்தனை நாளும் மறைத்து வைத்திருந்தாராம். வேன் வருகிறது. அர்ஷாக் திரும்பிப் பார்க்கிறான். வேனின் பக்கவாட்டில் கொடி பறக்கிறது. ஊதா நிறம், நன்றாகப் பாருங்கள் என்றீர்கள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். மறுபடி மாட்டிக்கொள்ளவில்லை. ஒரேயொரு கேள்வி கேட்டேன்.

அந்தக் கடைக்காரர் எந்தக் கட்சி? நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை, ஐயா.