மூன்று மீட்டர்

எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை பிடிக்கும். நகராட்சி அலுவலகத்தில் அன்று யாரும் இருக்கமாட்டார்கள். சர்வர் அறையின் இரைச்சல்கூட இதமாகக் கேட்கும். நீங்கள் கேட்கும் அந்த ஞாயிறும் அப்படித்தான் தொடங்கியது, மழையைத் தவிர.

எங்கள் ஊர் மெரிண்டாவில் ஆற்று மட்டத்தைக் காட்டும் வலைப்பக்கம் நான் எழுதியது. பாலத்தடியில் உள்ள அளவுமானி எண்ணை அனுப்பும். யாராவது பக்கத்தைத் திறந்தால், சர்வர் என் நிரலை ஓட்டி அந்த நேரத்து மட்டத்தைக் காட்டும். தாழ்நிலத்துப் பண்ணைக்காரர்கள் வானத்தைப் பார்ப்பதைவிட அதைத்தான் பார்ப்பார்கள்.

வெள்ளிக்கிழமை ஜாரட் சர்வர் புதுப்பிப்பைச் சனி நள்ளிரவில் தானாக ஓடும்படி அமைத்தான். எனக்கு வரவேண்டிய மேலாளர் பதவி அவனுக்குப் போயிருந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. "டெஸ், இது டைனோசர் காலத்துச் சர்வர். மியூசியத்துக்காரன் வந்தா உன்னையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிடுவான், பாத்துக்க" என்று எல்லார் முன்னாலும் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றே அவன் மனைவியின் பிரசவத்துக்காக பிரிஸ்பேனுக்குக் கிளம்பிவிட்டான்.

ஞாயிறு காலை பக்கத்தைத் திறந்தேன். எண் இல்லை. நான் எழுதிய நிரலே வரிவரியாகத் திரையில் கிடந்தது. சர்வர் அதை ஓட்டாமல் வெறும் எழுத்தாக அனுப்பிக்கொண்டிருந்தது.

இதில் பார்க்கவேண்டிய இடங்கள் அதிகமில்லை. நிரலைக் கையால் ஓட்டிப் பார்த்தேன். சரியான எண் வந்தது. அப்படியானால் கோளாறு நிரலில் இல்லை, சர்வரின் அமைப்புக் கோப்பில் இருக்கிறது. இந்த வகைக் கோப்பை ஓட்டிவிட்டு விடையை அனுப்பு என்று சர்வருக்குச் சொல்லும் வரி அங்கே விடுபட்டிருந்தது. ஜாரட் மறந்திருக்கிறான். ஒரே ஒரு வரி. தேநீர் ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிட்டேன்.

அப்போதுதான் அவன் கூப்பிட்டான். "பொண்ணு பொறந்திருக்கா, டெஸ். அங்க மழையாமே. சர்வர்ல எல்லாம் ஓடுதுல்ல?"

"ஓடுது. நீ கொழந்தையப் பாரு."

வரியைச் சேர்க்கவில்லை. திங்கட்கிழமை எல்லாரும் வந்த பிறகு அவன் வேலையின் லட்சணத்தை அவர்களே பார்க்கட்டும் என்று நினைத்தேன். அதுவரை யாரும் புகார் செய்யக்கூடாது. செய்தால் அன்றே சரிசெய்ய வேண்டிவரும். அதனால் எப்போதும் ஒரே எண்ணைக் காட்டும் அசையாத பக்கம் ஒன்றை அந்த இடத்தில் வைத்தேன். மூன்று மீட்டர். சனிக்கிழமைக்கு அது உண்மையான எண்தான்.

மாலையில் ஹெஸ்டர் கூப்பிட்டார். ஆற்று வளைவுக்குக் கீழே தனியாகக் குதிரை வளர்க்கும் அம்மாள். எலுமிச்சை காய்த்தால் அலுவலகத்துக்குக் கொண்டுவருவார், எனக்கு மட்டும் தனிப் பையில்.

"டெஸ், காலையிலேர்ந்து மூணுன்னே நிக்குது. ஆனா வேலியோரம் தண்ணி சத்தம் எனக்குச் சரியாப் படல. குட்டி போட்ட குதிரை ஒண்ணு வெச்சிருக்கேன், அத மெதுவாத்தான் மேட்டுக்கு நடத்திக்கிட்டுப் போகணும். இப்பவே கெளம்பட்டுமா?"

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நிரலை மறுபடி கையால் ஓட்டினேன். ஏழு மீட்டர், ஏறிக்கொண்டிருந்தது. எட்டைத் தொட்டால் அவர் பண்ணைச் சாலை மூழ்கிவிடும். அது ஊரில் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் ஏழு என்று சொன்னால் வலைப்பக்கத்தில் ஏன் மூன்று என்றும் சொல்லவேண்டும். தொலைபேசியில் விளக்குவதற்கு அது வசதியான விஷயமில்லை.

"வலைப்பக்கத்துல என்ன இருக்கோ அதான், ஹெஸ்டர்."

"நீ சொன்னா சரி. நீ எழுதினதுதானே. அப்ப நான் டீ போட்டுக் குடிக்கிறேன்" என்று சிரித்துவிட்டு வைத்தார்.

அதற்குப் பிறகும் சில முறை ஓட்டிப் பார்த்தேன். எட்டைத் தாண்டியதையும் பார்த்தேன். தொலைபேசி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

மறுநாள் மீட்புப் படகுக்காரர்கள் அவரை வேலிக் கம்பியில் கண்டெடுத்தார்கள். குதிரைக் கயிறு மணிக்கட்டில் சுற்றியிருந்ததாம். குட்டி பிழைத்துவிட்டது.

அசையாத பக்கம் புதுப்பிப்பில் தங்கிப்போன பழைய நகல் என்று அறிக்கை கொடுத்தேன். ஜாரட்டை வேலையிலிருந்து நீக்கினார்கள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாத்தையும் சரிபாத்தேன்னுதான் நெனச்சேன், டெஸ். அந்தம்மாவ நான் கொன்னுட்டேனே" என்று அழுதான். மனதைத் தேற்றிக்கொள்ளச் சொன்னேன். உண்மையாகவே அவனுக்காக வருந்தினேன்.

ஹெஸ்டரின் அந்தத் தொலைபேசி அழைப்பைப் பற்றி விசாரணையில் நீங்கள் கேட்டதால்தான் இவ்வளவும் சொல்கிறேன். எதையும் மறைக்கவில்லை. ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். திங்கட்கிழமை, படகுகள் இன்னும் தேடிக்கொண்டிருந்தபோது, அதிகாரிகள் முன்னால் உட்கார்ந்து அந்த வரியைச் சேர்த்தவன் நான். பக்கம் உடனே ஓடியது. வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. பழுதைச் சரிசெய்தது நான்தான் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.