கையில் இரண்டு சுற்று

பெயர்: ஜனார்த்தனன் ராஜினி. வயது: 32. தொழில்: வயல் வேலை. விலாசம்: ஐந்தாம் வாய்க்கால், இரணைமடு.

நான் மேற்படி விலாசத்தில் கணவருடனும் ஐந்து வயது மகள் தனுஷாவுடனும் வசிக்கிறேன். பக்கத்து வளவில் சுதர்சினி, மகள் பிரஷாந்தினியுடன் இருக்கிறாள். அவளின் கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். நேற்று முன்பள்ளியில் தனுஷா பிரஷாந்தினியைச் சுவரில் இடித்ததும் நெற்றியில் மூன்று தையல் போட்டதும் உண்மை. நான் ஏவிவிட்டேன் என்று சுதர்சினியின் தமையன் ரஜிதன் பொலிசில் கொடுத்த முறைப்பாடு பொய்.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு எங்கள் சிறுபோக வயலுக்குத் தண்ணீர் முறை. வாய்க்காலைத் திருப்ப வேண்டிய என் கணவரைக் காணவில்லை. அதன் பின்னர் தேடிப் போனபோது, அவர் சுதர்சினியின் கிணற்றடியில் அவளின் தண்ணீர் மோட்டரைத் திருத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் கதிரையில் தேத்தண்ணீரும் பனங்கட்டியும் இருந்தன. எங்கள் வீட்டு மோட்டர் தைப்பொங்கல் தொடக்கம் பழுது. எனக்கு வயிறு எரிந்தது. நாங்கள் திரும்பி வர முறை முடிந்து தண்ணீர் அடுத்தவர் வயலுக்குப் போய்விட்டது.

அதன் பின்னர் அன்று பின்னேரம் வாய்க்காலில் குளித்துக்கொண்டிருந்த சுதர்சினியின் முடியைப் பிடித்துத் தலையை மதகுச் சுவரில் இடித்தேன். "என்ர மனுசன் உனக்கு வேலைக்காரனோடி?" என்று கேட்டேன். அவளுக்கு இடுப்பளவு முடி. அதிலும் எனக்கு நெடுநாள் எரிச்சல். தனுஷா சவர்க்காரப் பெட்டியுடன் கரையில் நின்றாள். அழவில்லை.

"பிள்ளை பாக்குது அக்கா, விடுங்கோ" என்று மட்டும் சுதர்சினி சொன்னாள். இன்றுவரை தமையனுக்குக்கூட அவள் சொல்லவில்லை. நல்லவள் என்ற பெயரையும் அவளே எடுக்கட்டும் என்றுதான் அப்போது நினைத்தேன்.

நேற்று முன்பள்ளி ஆசிரியை இராசேஸ்வரி என்னைக் கூப்பிட்டார். பிரஷாந்தினியின் தலைமுடி குலைந்திருந்ததால் அவர் பின்னிவிட்டாராம். அதைப் பார்த்து நின்ற தனுஷா, "என்ர ரீச்சர் உனக்கு வேலைக்காரியோடி?" என்று கேட்டாளாம். அதன் பின்னர்தான் இடித்தாளாம்.

"பின்னலைக் கையில ரெண்டு சுத்துச் சுத்திப்போட்டு இழுத்தவள். இதை ஆர் பிள்ளைக்குக் காட்டினது?" என்று ஆசிரியை கேட்டார். அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன். வாய்க்காலில் முதல் பிடி எனக்கு வழுக்கியது. இரண்டு சுற்றுச் சுற்றிய பிறகுதான் பிடிபட்டது. தனுஷாவுக்கு முதல் பிடியே வழுக்கவில்லை.

வழக்கை என் பெயரில் எழுதுங்கள். பிள்ளையை விசாரிக்க வேண்டாம். இதை உத்தியோகத்தர் வாசித்துக் காட்டினார். ஒரு சொல்லும் மாற்றத் தேவையில்லை, நடந்தது இவ்வளவும்தான்.

(ஒப்பம்) ஜ. ராஜினி